வயிற்றெரிச்சலில் கொழுத்த வெள்ளைக் குதிரை

குழந்தைவேலுவின் வெள்ளைக் குதிரை சம்பங்கி, ஊராரின் பொறாமையைத் தின்று கொழுக்கத் தொடங்கியது ஒரு பேரிக்காய்ப் பருவத்தில். அதற்கு முன்பு அது எதைத் தின்று உயிர் வாழ்ந்தது என்று கேட்டால் குழந்தைவேலுவுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் மலையேறி வந்த சுற்றுலாக்காரர்கள் கடித்துப் போட்ட சோளக்கதிரின் சக்கையும், காய்ந்த பன்னும், ஏரிக்கரையில் தானாக முளைத்த புல்லும், அவனுக்கு ஞாபகம் வந்த நாளில் ஒரு கை தவிடும்தான் அதற்கு விதித்திருந்தது. மழை வந்தால் அது நனையும், வெயில் வந்தால் தானாகக் காயும். காலுக்கு அடியில் குளம்பு என்று ஒன்று இருப்பதே லாடம் கழன்று விழுகிற அன்றைக்குத்தான் அவனுக்கு நினைவுக்கு வரும். கெட்டவன் இல்லை, பாவம், சோம்பேறி. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாட்டெல்லாம் பாடுவான், தண்ணீர் காட்டத்தான் மறந்துவிடுவான்.

அவனுக்கு அடுத்த முளையில் கட்டியிருந்தது செசிலியின் துரையை. செந்நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அடிவாரத்து ஊரில் ஜட்கா வண்டி இழுத்துக்கொண்டு எலும்பும் தோலுமாக நின்றவனை வாங்கி வந்து, வெந்த கொள்ளும் தவிடும் பிசைந்து ஊட்டி ஆளாக்கியவள் அவள். பக்கத்தில் வருகிற பஸ்ஸைக் கண்டு மிரளாமல் இருக்க வண்டிக் குதிரையின் கண்ணோரம் கட்டுவார்களே தோல் கண்பட்டை, அதுவும் அவனோடு சேர்ந்து மலையேறி வந்து, இனி வேலையில்லை என்று கொட்டகையில் ஓர் ஆணியில் தொங்கியது. செசிலியைப் பற்றி ஏரிக்கரைக் குதிரை ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள்: புருஷன் வியாகுலம் சாப்பிட்டாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாமல் போகலாம், துரை சாணி போட்டானா, போட்டது இறுகலா இளகலா என்பது மட்டும் தெரியாமல் போகாது.

அவள் காலையில் வந்ததும் நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கொக்கியால் குளம்பைச் சுரண்டுவாள், சுரண்டிய பிறகு உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள், வெந்நீரில் நனைத்த துணியால் கண்ணோரம் துடைப்பாள், வாயைத் திறந்து பல் பார்ப்பாள், சவாரி முடிந்து வந்தால் சேணத்து வாரைத் தளர்த்தி மூச்சு அடங்கும்வரை மெல்ல நடக்கவிடுவாள், வியர்வை அடங்கிய பிறகுதான் தண்ணீர் காட்டுவாள், வைக்கோலை முறுக்கி முதுகைத் தேய்த்துத் தேய்த்துக் காயவைப்பாள். ஜீப் ஓட்டுகிற வியாகுலம் அந்த வழியாகப் போகும்போது வண்டியை நிறுத்திவிட்டு, "என்னைக்காச்சும் என் முதுகை இப்பிடித் தேய்ச்சிருக்கியாடி?" என்று கேட்பார். "நீ என்ன சேணமா சுமக்குற?" என்பாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். இத்தனைக்கும் அவளுக்குக் கிடைத்த கூலி ஒன்றே ஒன்று. காலையில் அவள் ஏரிக்கரை வளைவில் திரும்பும்போதே, முகம் தெரியாத மூடுபனியிலும் அவள் காலடியை அடையாளம் கண்டு துரை ஒரு கனைப்புக் கனைப்பான். அதைக் கேட்கத்தான் அவள் படுக்கையை விட்டே எழுந்தாள்.

அந்தப் பேரிக்காய்ப் பருவத்தில் ஒரு நாள், புதுப் பெண்டாட்டியோடு வந்த ஒருவன் துரையின் முன்னால் நின்று பேசி முடித்துவிட்டுச் சேணத்தில் கை வைக்கப் போனான். முறைப்படி அது துரையின் சவாரி. அந்தப் பெண்ணோ உதட்டைச் சுழித்து, "எனக்கு அந்த வெள்ளைதான் வேணும்" என்று சம்பங்கியைக் காட்டிவிட்டாள். வெள்ளைக் குதிரை என்றால் ஜனங்களுக்கு ஒரு கிறுக்கு, விலா எலும்பை எண்ணலாம்போல இருந்தாலும் வெள்ளை வெள்ளைதானே. குழந்தைவேலு பல்லைக் காட்டிக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்தான். செசிலிக்கு வயிறு எரிந்தது. குளம்பு குளம்பாகச் சுரண்டியவள் இங்கே நிற்க, ஒன்றுமே செய்யாதவனுக்கு வந்த வாழ்வைப் பாரேன் என்று நினைத்தபடி சம்பங்கியின் கழுத்தைப் பார்த்தாள், பார்த்த இடத்தில் கழுத்து, எண்ணெயில் போட்ட பூரிபோல, மெத்தென்று எழும்பி நிறைந்தது. விலாவைப் பார்த்தாள், எலும்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போய் மறைந்தன. பிடரியைப் பார்த்தாள், அது ஒரு சாண் வளர்ந்து காற்றில் ஆடியது. அதைக் கண்டு அவளுக்கு இன்னும் எரிந்தது, எரிய எரியச் சம்பங்கி மினுங்கியது.

இப்படித்தான் ஆரம்பித்தது. நடுவில் செசிலி சளிக்காய்ச்சலில் படுத்தபோது சம்பங்கி மறுபடி இளைத்தது, அவள் எழுந்து வந்த காலையிலேயே தேறியது. மந்தபுத்தி என்று பெயரெடுத்த குழந்தைவேலுவே இதைக் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்ததை மனசோடு வைத்துக்கொள்ளாமல், ஸ்டாண்டில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கள்ளங்கபடம் இல்லாமல் கேட்டான்.

"அக்கா, நீ வயிறெரிஞ்சாத்தான் இதுக்கு ஒடம்பு புடிக்குது. கொஞ்சம் இந்தப் பின்னந்தொடையையும் பாத்து விடேன். அங்கிட்டு இன்னும் வத்திப்போய்க் கெடக்கு."

டீக்கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன. "நானாடா? ஒன் சொத்தைக் குதிரையப் பாத்தா?" என்று செசிலி சீறினாள், சீறிக்கொண்டே பின்னந்தொடையைப் பார்த்தாள், அது உருண்டு திரண்டது. அதற்குமேல் சாட்சி எதற்கு? அவள் முகத்தை மேல்துண்டால் துடைத்துக்கொண்டு துரையின் மறைவில் போய் நின்றாள்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று நம்பி நீலப் பாசிமணியும் கறுப்புக் கயிறும் கட்டித்தான் அந்த ஊர் தன் குதிரைகளைக் காத்து வந்தது. இப்போது மற்ற குதிரைக்காரர்கள் எல்லாரும் ஓடிப்போய்ப் பாசிமணிகளை அறுத்து எறிந்தார்கள், நம் குதிரையும் நாலு கண் பட்டுக் கொழுக்கட்டும் என்று. மற்ற குதிரைகளுக்குப் பொறாமை செரிக்கவில்லை. அன்று சாயங்காலமே வரிசையாக வயிற்றுவலி கண்டு, தரையைப் பிறாண்டி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, உருளப் போன குதிரைகளை உருளவிடாமல் பிடித்து நடத்தியே எல்லாருக்கும் கால் ஓய்ந்தது. மறுநாள் பாசிமணிகள் பழைய கழுத்துகளுக்குத் திரும்பின. சம்பங்கிக்கு மட்டும் அது ஒத்துக்கொண்டது, ஒன்றுமே கிடைக்காமல் வளர்ந்த வயிறு எதையும் செரிக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஊர் அதைத் தன் வழக்கங்களில் ஒன்றாக்கிக்கொண்டது. ஓரகத்தி மாடிவீடு கட்டிய வயிற்றெரிச்சலைத் தாங்க முடியாத பெண்கள் வந்து சம்பங்கியின் முன்னால் சற்று நேரம் நின்றார்கள், நிற்க நிற்க நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிப் போக, சளி கரைந்தவர்கள்போல மூச்சு விட்டுக்கொண்டு வீடு திரும்பினார்கள். தேர்தலில் தோற்றவர் வந்தார், எதிர்க்கடையில் கூட்டம் மொய்ப்பதைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்ட பேக்கரிக்காரர் வந்தார். இறக்கிவைக்கப் பாவசங்கீர்த்தனம் இருக்கும்போது குதிரை எதற்கு என்று பங்குச் சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில் கேட்டார், பக்கத்துப் பங்கில் எழும்பிய புதுக் கோபுரத்தைப் பற்றி யோசித்தபடி அந்த வாரமே அவரும் ஏரிக்கரைப் பக்கம் உலாவினார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சம்பங்கியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நோய்னா சொல்லு, பாக்குறேன். நல்லா இருக்கிறதுக்கு எங்ககிட்ட மருந்து கிடையாது" என்று போய்விட்டார். அண்ணன் வாங்கிய புது வேனை நினைத்துக் குமைந்துகொண்டிருந்த வியாகுலம்கூட ஒரு மத்தியானம் போய் நின்றுவிட்டு வந்து, இரண்டாம் முறை ரசம் கேட்டுக் குடித்து, குறட்டை விட்டுத் தூங்கினார். செசிலிக்கு அந்தக் குறட்டையைக் கேட்கக் கேட்க ஆத்திரமாக வந்தது.

பொறாமை வடிந்துபோன ஊர் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வெள்ளையடிப்பார் இல்லை. தீபாவளிக்கு அடுத்த வீட்டுக்காரி என்ன எடுத்தாள் என்று கேட்பார் இல்லாமல் துணிக்கடையில் ஈ ஓட்டினார்கள், குழாயடியில் யாரும் யாரையும் முந்தவில்லை, பஜ்ஜிக் கடைகளில் எல்லாம் ஒரே மாதிரி ஊசிப்போன சட்னி, பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்க ஆள் இல்லாமல் வாத்தியார் சீட்டுக் குலுக்கிப் போட்டார். ஊரே கொட்டாவி விட்டது. சம்பங்கி மட்டும் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தது, சேணத்து வார் எட்டாமல் இரண்டு வாரைச் சேர்த்துத் தைத்தார்கள், ஏறுவதற்கு ஏணி வைத்தார்கள்.

செசிலிக்கு மட்டும் எதுவும் வடியவில்லை. ஊருக்கெல்லாம் பொறாமை வேறு எங்கோ இருந்தது, இங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். அவளுக்கோ சம்பங்கி மேலேயே பொறாமை. கொட்டக் கொட்ட அது அழகானது, அழகாக ஆக ஆக இவளுக்கு ஊறியது, ஊற்றுக்கண் தூர்வதாக இல்லை. கை மட்டும் பழக்கத்தில் துரைக்கு வேலை செய்தது. கொள்ளு வேகவைத்தாள், முதுகு தேய்த்தாள், காலைத் தூக்கிக் கொக்கி போட்டாள், கண் மட்டும் அடுத்த முளையில் இருந்தது. துரை முன்னங்காலை லேசாக இழுத்து நடந்தபோது லாடம் அடிப்பவரை வாயில் வந்தபடி ஏசினாள்.

அதைவிடப் பெரிய அடி ஒன்று அவளுக்கு விழுந்தது. ஒரு காலையில் ஏரிக்கரை வளைவில் திரும்பியபோது கனைப்புக் கேட்கவில்லை. நின்று கேட்டாள், இருமிப் பார்த்தாள், "டேய் தொரை" என்று கூப்பிட்டும் பார்த்தாள். அவன் காதைக்கூடத் திருப்பாமல், வைத்த கண் வாங்காமல், சம்பங்கியையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று முழுக்க அப்படித்தான் நின்றான், மறுநாளும் அப்படியே. தீனியில் வாய் வைக்கவில்லை.

"இவனும் போயிட்டான்" என்றாள் வியாகுலத்திடம். "ஊரு பூராம் அவ பின்னாடி போச்சு, போகட்டும்னு விட்டேன். நான் ஊட்டி வளத்தவன், அவனும் அவளைப் பாத்து மயங்கிக் கெடக்கான்."

"ஒனக்குப் பொறாமைப்படுறதுக்குக் குதிரைதான் கெடச்சுதா?" என்றார் வியாகுலம். அவருக்குத்தான் எல்லாம் வடிந்துவிட்டதே.

ஐப்பசி அடைமழை விட்டதும் குழந்தைவேலு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். செசிலி முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, சம்பங்கி நடக்க மாட்டேங்குது. முன்னங்கால் ரெண்டையும் முன்னால நீட்டிக்கிட்டு, பின்னால சாஞ்சு சாஞ்சு நிக்குது. கண்ணுல தண்ணி வருதுக்கா" என்று சொல்லிவிட்டு அவனும் அழுதான். சொன்ன கோலத்திலேயே செசிலிக்கு நோய் புரிந்துவிட்டது. தீனி மிஞ்சிப்போன குதிரைக்கு வருகிற நோய் அது. மிஞ்சியதெல்லாம் காலுக்கு இறங்கி, குளம்புக்குள்ளே நெருப்பாகக் கனலும், விட்டால் குளம்பே கழன்றுவிடும், அப்புறம் குதிரை எழாது. அவளுக்கு அந்த நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? முறத்தை இன்னும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் எழுந்தாள். ஸ்டாண்டுக்குப் போய்ச் சம்பங்கியின் காலைத் தூக்கிப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. மாசக்கணக்கில் சுரண்டாத குளம்பில் சேறும் சாணியும் பாறையாய் இறுகி, தொட்டால் கை சுட்டது.

"ஒன்னைய இப்பிடிக் கட்டிப்போட்டுத் தவிட்டுக்குப் பதிலா ஊரு வயித்தெரிச்சலையெல்லாம் ஊட்டினா நீ தாங்குவியாடா?" என்று குழந்தைவேலுவை ஓர் அறை விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள். சம்பங்கியைச் சுற்றிச் சாக்குப் படுதா கட்டி, ஊர்க்காரர்கள் யாரும் இனி வரக்கூடாது என்று விரட்டினாள். அவரவர் பொறாமையை அவரவரே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஒரே வாரத்தில் குழாயடியில் குடம் நசுங்கியது, பேக்கரியில் ரொட்டி மறுபடி உப்பியது, பங்குச் சாமியார் கோபுர நிதி திரட்டத் தொடங்கினார். காலையும் மாலையும் சம்பங்கியை மெல்ல நடத்திக் கொண்டுபோய் ஏரியின் குளிர்ந்த தண்ணீரில் முட்டளவு நிறுத்திவைத்து, காலை நீவிவிட்டு, குளம்பைச் சீவி, காய்ந்த புல்லைத் தவிர வேறு எதுவும் காட்டாமல் பார்த்துக்கொண்டாள்.

ஆனாலும் குதிரை வற்றவில்லை. நீவும்போதே, இந்த உருவி விட்ட கழுத்தும் இந்தப் பால் நிறமும் இந்தக் குதிரைக்கு எதற்கு என்று ஒரு நினைப்பு ஓடும், ஓடியதும் அவள் கைக்கு அடியில் சதை எழும்பும். கடைசியில் செசிலி கொட்டகைக்குப் போய், ஆணியில் தொங்கிய துரையின் பழைய கண்பட்டையை எடுத்துத் தூசி தட்டி, தன் தலையில் கட்டிக்கொண்டாள். ஏரிக்கரை முழுக்கச் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். பட்டை கட்டிக் குனிந்தால் கையில் இருக்கிற குளம்பு ஒன்றுதான் தெரியும், குளம்பைப் பார்த்துப் பொறாமைப்பட எவளாலும் முடியாது. அப்புறம் சம்பங்கி இளைத்தது. சூடு தணிந்தது. காலைச் சமமாக ஊன்றி நின்றது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு மத்தியானம் வரைக்கும். பனி விலகி வெயில் அடித்த வேளையில் செசிலி தண்ணீருக்குள் குந்தி, சம்பங்கியின் முழங்காலைச் சேர்த்து அணைத்தபடி நீவிக்கொண்டிருந்தாள். அந்தக் கால் அவள் கைக்குள் பருத்தது. அவள் மனசில் அப்போது கால்வலியைத் தவிர ஒன்றுமே இல்லை. அவள் விசுக்கென்று எழுந்தாள்.

"யார்றா அது? எவன் பாக்குறது?"

"நான் இல்லக்கா, நான் புல்லு அரிஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றான் குழந்தைவேலு கரையிலிருந்து. வேறு ஆள் இல்லை. கண்பட்டை கட்டியிருந்ததால் பக்கவாட்டில் பார்க்க முடியாமல் அவள் முழு உடம்போடும் திரும்பினாள், அப்படித் திரும்பியபோது நேர் எதிரே, கரையில், முளையில் கட்டிய துரை அவள் கண்ணுக்குள் முழுசாக வந்து நின்றான். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவனை அவள் பார்த்தாள். வாங்கி வந்த அன்றைக்கு இருந்ததுபோல விலா தெரிந்தது. முன்வைத்த கொள்ளு அப்படியே காய்ந்து கிடந்தது. அவன் சம்பங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான், சம்பங்கியின் முழங்காலை அணைத்திருந்த அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அந்தப் பார்வை எதுவென்று அவளுக்குத் தெரியாதா? ஒரு பருவம் முழுக்க அவள் பார்த்த அதே பார்வை. மயக்கமாவது மண்ணாவது. அவள் அடுத்த முளையைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து, அவள் எதைப் பார்க்கிறாளோ அதை அவனும் எரிய எரியப் பார்த்திருக்கிறான். அவள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகத்தான் அந்த வெள்ளைக் குதிரைக்குத் தீனி போட்டிருக்கிறார்கள்.

செசிலி தண்ணீரை விட்டு வெளியே வந்தாள். கண்பட்டையை அவிழ்த்துப் புல்லில் போட்டாள். ஈரப்பாவாடை காலில் தட்ட, அவன் முன்னால் போய் நின்று, "எனக்காகப் பொறாமையாடா ராசா ஒனக்கு?" என்று கேட்டாள். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் குனிந்து, இழுத்து நடந்தானே அந்த முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்து, இந்த முறை கண்ணால் பார்த்தாள். குளம்பின் பள்ளத்தில், லாடத்தின் ஓரமாக, ஒரு கூழாங்கல் இறுகப் பதிந்து, சுற்றிலும் கன்றிப்போயிருந்தது. தினமும் கொக்கி போட்ட குளம்பு, அவளே போட்ட கொக்கி. லாடம் அடிப்பவரை ஏசிய ஏச்செல்லாம் இப்போது அவள் தலையிலேயே வந்து விழுந்தது. கல்லை நெம்பி எடுத்து, உப்பு கலந்த வெந்நீரில் கழுவி, மஞ்சள் வைத்து, காலைக் கீழே விடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு அழுதாள்.

அவள் நிமிர்ந்தபோது துரை தோளில் ஒரு கடி கடித்தான். செல்லக் கடி இல்லை, நன்றாகவே கடித்தான்.

"அக்கா, இங்கன பாரேன், இது மளமளன்னு இளைக்குது!" என்று, சம்பங்கியைப் பிடிக்க ஏரிக்குள் இறங்கியிருந்த குழந்தைவேலு கத்தினான். "காலைத் தூக்கித் தூக்கி வைக்குதுக்கா!"

"நீயே பாத்துக்க. எனக்கு வேலை கெடக்கு" என்றாள் செசிலி. திரும்பவில்லை.

சாயங்காலம் வீட்டில் ரவிக்கையை விலக்கித் தோளைக் காட்டினாள். பல் வரிசை நீலமாகப் பதிந்திருந்தது. "பாத்தியா, என்ன கடி கடிச்சிருக்கான்! அத்தனை ஆத்திரம் பயலுக்கு, நான் இன்னொருத்தியத் தொட்டேன்னு" என்று சொல்லும்போது, கொலுசு வாங்கிய சின்னப் பெண்போல அவள் முகம் பூரித்திருந்தது. வியாகுலம் தேங்காய் எண்ணெயைச் சூடுபண்ணி வந்து தடவிவிட்டார். அந்தப் பல் தடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், ரசம் இரண்டாம் முறை கேட்கவில்லை, குறட்டையும் விடவில்லை.

மறுநாள் காலை அவள் கேட்காமலே வியாகுலம் அவளை ஜீப்பில் ஏற்றி ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். வளைவில் திரும்பும்போது, ஜீப்பின் இரைச்சலையும் மீறி, மூடுபனிக்குள்ளிருந்து துரை கனைத்தான். செசிலி வண்டி நிற்கும் முன்னே குதித்து ஓடி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்போது அடுத்த முளையில் கொக்கியும் கையுமாக, வாழ்க்கையில் முதல்முறையாகக் குளம்பு சுரண்டிக்கொண்டிருந்த குழந்தைவேலு தலையைச் சொறிந்தான்.

"என்னக்கா இது, சம்பங்கி கன்னம் ரெண்டும் இப்பத்தான் லேசா உப்புது. யாருக்கா பாக்குறது? நீயுமில்ல, தொரையுமில்ல..."

செசிலி துரையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இஞ்சினை அணைக்காமல், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, துரையின் கழுத்தைச் சுற்றியிருந்த அவள் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் வியாகுலம். இந்த மனுஷன் முதுகைத் தேய்க்க வைக்கோல் எதற்கு, கொஞ்சம் எண்ணெய் இருந்தால் போதும், இன்றைக்குப் பொழுதோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.